அம்மன் சேலை எரிந்த கதை

அன்பு மகள் தினேஸ்வரிக்கு அம்மா எழுதுவது. எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, எனக்கு மனசுதான் சரியில்லை. ஆக்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் உன் அப்பா காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் சுங்காய் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழா நடந்த லட்சணத்தைக் கேள். கொட்டகையில் இருக்கும் பழைய வயர் ஒன்றிலேயே மஞ்சள் பல்புச் சரம், விசிறிகள், அன்னதானத்துக்கு வெந்நீர்ப் பானை எல்லாவற்றையும் மாட்டினார்கள். பியூஸ் போய்க்கொண்டே இருந்தது. போகாமல் என்ன செய்யும்? கம்பி தடுக்கத் தடுக்க, ஓடுகிற மின்சாரம் சூடாக மாறும். பல்புக்குள் இருக்கும் மெல்லிய இழை அந்தச் சூட்டில் கனன்றுதான் வெளிச்சம் தருகிறது, உள்ளே காற்று இல்லாததால் எரிந்துபோகாமல் நிற்கிறது. பியூஸ் கம்பியோ அளவு மீறினால் தானே உருகி மற்றதைக் காப்பாற்றுகிறது. பள்ளியில் வருஷா வருஷம் நான் நடத்திய பாடம் இது. கோயில் தலைவர் ஜெயபாலன் திருஷ்டி என்று சொல்லிப் பூசணிக்காய் உடைத்தார். அப்படியும் நிற்காததால் பியூஸ் இருந்த இடத்தில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டு, இனிமே கரண்டு கட்டாவாதுலா என்றாராம். கட்டாகவில்லை, சுவரோரம் போன வயர்தான் சூடேறி உருகித் தீப்பிடித்தது. அம்மன் பட்டுச்சேலைகள் அலமாரியோடு சாம்பல்.

மறுநாள் கூட்டத்தில் பழி யார் தலையில் விழுந்தது தெரியுமா? கோயில் கூட்டி விளக்கேற்றும் கருப்பம்மாள் தலையில். விளக்கை அணைக்காமல் போனாளாம். சூடம் ஏற்றி, அதை அடித்துச் சத்தியம் பண்ணச் சொன்னார்கள். வெளக்க அமத்திட்டுத்தான் போனேன் அண்ணே, ஆத்தா சாட்சி என்று அழுதுகொண்டே உள்ளங்கையால் அடித்தாள். அதற்குப் பிறகும் இனி கோயில் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார்கள். த்தூ, இவர்களெல்லாம் மனிதர்களா! கருகிய வயரைக் காட்டி நான் பேசினேன். டீச்சரம்மா, இது சாமி காரியம், ஒங்களுக்குத் தெரியாது, உக்காருங்க என்றார் ஜெயபாலன்.

உன் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்கிறார், ஜெயபாலன் அந்தக் கம்பியைச் சுற்றும்போது டார்ச் பிடித்தது இவர்தானாம். பெரிய மனுசன் பேரு கெட்டுறும்லா என்கிறார். அவருக்குச் சோறு போடவே எனக்குக் கை கூசுகிறது.

ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்காதே. மாரியம்மன் உங்களை நல்லபடி வைக்கட்டும். மறக்காமல் சனிக்கிழமை கூப்பிடு. போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு நான் வெளியே போய்விடுவேன். டார்ச் பிடித்தது யார் என்று நீயே கேள். உன்னிடம் அவரால் பொய் சொல்ல முடியாது. கருப்பம்மாள் வீட்டுக்குப் போய் அந்த உண்மையை அவர் சொல்லும்வரை, அவருக்கு நான் இலை போடுவதாக இல்லை.

உன் அம்மா,
விமலா