படத்துக்குப் பின்னால் இருந்த கதவு

வியாழக்கிழமை

அன்பு மிக்க என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் நலம். ஒரே வீட்டில், ஆளுக்கொரு அறையில் நலம். உங்கள் கப்பலுக்குப் போன் போட்டால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், கடிதத்தின் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் கப்பலின் மின்னஞ்சலுக்கு இதை எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் கிடங்குத் தெருவை இப்போது பார்த்தால் அடையாளம் தெரியாது. எலி நாற்றத்துக்கு நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்த தெரு. மூட்டை இறக்கிய மேடையில் காபிக்கடை, உப்புக் கிடங்கில் ஓவியக் கூடம், லாரி நின்ற இடத்தில் ஞாயிறுதோறும் சந்தை. போன ஞாயிறு மகள் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனாள். சோப்பு, பூந்தொட்டி, பழைய கோட்டு என்று கடை கடையாக ஏறி இறங்கினோம். எங்கே போனாலும் மற்றவர்கள் மெனுவைப் பார்ப்பார்கள், தீயணைப்புத் துறைக்காரி நான் வெளியேறும் வாசலை எண்ணுவேன். "இன்னிக்கு ஒரு நாளாவது அம்மாவா மட்டும் வாம்மா" என்றாள். சரி என்றேன். நல்ல பெண்ணாக இருக்கத்தான் பார்த்தேன்.

கடைசியாக உங்கள் தம்பியின் உணவகம். கீழே சாப்பாடு, மாடியில் ஓவியக் கூடம். வரும் சனிக்கிழமை திறப்பு விழா, இருநூறு பேருக்கு அழைப்பு போயிருக்கிறது. மாடியின் பெரிய சுவர் முழுக்க நம் மகளின் படம். சந்தைப் பெண்கள் கூடையோடு நடந்து வருகிறார்கள், இரண்டு ஆள் உயரம். அதைப் பார்த்து அழுதுவிட்டேன். சித்தப்பா தனக்கென்று அந்தச் சுவரைக் கொடுத்தார் என்று அவள் பெருமையாகச் சொன்னாள்.

கண்ணைத் துடைத்தபோதுதான் உறைத்தது. கட்டட வரைபடத்தில் அங்கே சுவர் கிடையாது. வெளி இரும்புப் படிக்குப் போகும் கதவு. படத்தின் ஓரத்தில் தட்டிப் பார்த்தேன், பலகைச் சத்தம். பின்பக்கம் போய்ப் பார்த்தால் அந்தப் படியெல்லாம் கேஸ் சிலிண்டர். மிச்சம் இருப்பது சமையலறையை ஒட்டியே இறங்கும் ஒரே மரப்படி.

உங்கள் தம்பி சிரித்தார். "அண்ணி, ஒரு கதவு போனா என்ன, அழகா ஒரு சுவரு கிடைச்சுதே. வந்து பாக்க வேண்டியது நீங்கதான, நீங்கதான் பாத்தாச்சே" என்றார்.

அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. நான் பார்க்கவில்லை. நான்கு மாதத்துக்கு முன்பு "நம்ம வீட்டு விஷயம், சீக்கிரம் முடிச்சுக் குடு" என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? அன்று மாடியில் பெயின்ட் காயவில்லை, காலில் ஒட்டிக்கொள்ளும் என்றார் தம்பி. புதுச் செருப்பு. கீழேயே நின்று, வரைபடத்தில் கதவைப் பார்த்துவிட்டுத் தடையில்லாச் சான்றில் கையெழுத்துப் போட்டேன். இருபது வருஷ வேலையில் படி ஏறாமல் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.

மூன்று நாளாக உங்கள் தம்பியிடம் கெஞ்சிப் பார்த்தேன். பலகையைப் பிரிக்க ஒரு பகல் போதும். முகூர்த்த நேரத்தில் அபசகுனமாக நிற்கிறேனாம், குடும்பத்தைக் கெடுக்கிறேனாம். படத்தை இறக்கினால் அதைத் தாங்க வேறு சுவர் அங்கே இல்லை, அதனால் மகளும் சித்தப்பா பக்கம். நேற்று அவளை மறுபடி அந்த மாடிக்கு அழைத்துப் போனேன். கீழே நெருப்புப் பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவாய் என்று மட்டும் கேட்டேன். அவள் கை தானாகத் தன் படத்தின் பக்கம் நீண்டது. சட்டென்று இறக்கிக்கொண்டாள். பலகை அடிக்கும்போது அவளும் கூட இருந்திருக்கிறாள். அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

இன்று மாலை சான்றை ரத்து செய்து எழுதிவிட்டேன். மாடி ஏறாமல் கையெழுத்திட்டது என் தவறு என்றும் அதே தாளில் மேலதிகாரிக்கு எழுதியிருக்கிறேன். வேலை போகலாம். நாளைக் காலை உங்கள் தம்பி கையில் நோட்டீஸ் கிடைக்கும், பத்தாவது நிமிடம் உங்களுக்குப் போன் வரும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

தம்பியிடம் என்ன சொல்வீர்களோ, அது உங்கள் இஷ்டம். மகளும் அழுதுகொண்டே கூப்பிடுவாள். அம்மா செய்தது சரி என்று எனக்காக அவளிடம் வாதாட வேண்டாம். அந்தப் படத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். சனிக்கிழமை இரவு அவள் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டு படுத்திருந்தால் எனக்கு அதுவே போதும். பேசாவிட்டாலும் பரவாயில்லை, அவள் இருக்கட்டும்.

நீங்களும் பத்திரமாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி