அறைக்குள் நடந்தது அறைக்குள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, கறிக்கடை திறந்துதான் இருக்கிறது, மற்றபடி இங்கே எதுவும் நன்றாக இல்லை. நீங்கள் இருவரும் அங்கே நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருவரும் என்றுதான் எழுதியிருக்கிறேன், கை தவறவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் என்னை விசாரித்தாய், கடையை விசாரித்தாய், கொல்லையில் குட்டி போட்ட பூனையைக்கூட விசாரித்தாய், தம்பி எப்படி இருக்கிறான் என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெற்றவள் காதிலேயே பூச்சுற்றப் பார்க்கிறாயா. அவன் உன் அறையில் உன் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறான், எனக்குத் தெரியும். நானாகப் பேச்சை எடுத்ததும் சிக்னல் சரியில்லைம்மா என்று வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன், காகிதத்தை அப்படி வைக்க முடியாது. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் தம்பி செய்த காரியத்துக்கு நம் தையல்கடை ஊசி லாக்கப்பில் அடி வாங்கிக்கொண்டிருக்கிறான். அடுத்த புதன்கிழமை அவனைக் கோர்ட்டில் நிறுத்தி ஜெயிலுக்கு அனுப்பப் போகிறார்கள். அதற்கு முன்னால் சின்னவன் இங்கே வந்து, அடித்தது நான்தான் என்று சொல்ல வேண்டும்.

அவன் உன்னிடம் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். வாய்ச்சண்டை, லேசாகத் தள்ளினேன், வெல்டிங் கடைக்காரன் தடுக்கி விழுந்துட்டான் என்றிருப்பான். நீயும் தலையாட்டியிருப்பாய். நடந்ததை நான் சொல்கிறேன், முழுசாக வாசி. நீ ஊரை விட்டுப் போன பிறகும் உங்கள் கூட்டம் வாராவாரம் கடையின் பின்னறையில் கூடிக்கொண்டுதான் இருந்தது. டிவியில் அதே உளவாளிகள் தொடர், அதே நாலு பேர். சின்னவன், வெல்டிங் கடைக்காரன், தையல்கடை ஊசி, மருந்துக்கடைக்காரர் மகள். நீ போட்டுவிட்டுப் போன சட்டமெல்லாம் அப்படியே நடந்தது. உள்ளே வருகிறவர்கள் போனை எல்லாம் காலியான கறித்தொட்டியில் போட்டுவிட வேண்டும். தொடரோடு சேர்ந்த படம் ஏதாவது வெளிவந்தால் கூட்டத்தில் எல்லோரும் பார்த்து முடிக்கிற வரைக்கும் பார்த்தவன் வாயைத் திறக்கக் கூடாது. அதற்கும் மேலே ஒரு சட்டம் வைத்தாயே, அறைக்குள் நடந்தது அறைக்குள், ஒரு ஏஜெண்ட் இன்னொரு ஏஜெண்டைக் காட்டிக்கொடுக்க மாட்டான் என்று. சுத்தியல் தூக்கத் தெரிந்தவர்களும் ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தவர்களும் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்ததை நான் கறி வெட்டிக்கொண்டே பார்த்துச் சிரித்தேன். அன்றைக்கே நாலு பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்க வேண்டும்.

இந்த மாதம் புதுப்படம் வந்தது. முதல் நாளே வெல்டிங் டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டான். சின்னவனுக்கு முடியவில்லை, கல்யாண ஆர்டர் ஒன்று வந்திருந்தது, நான்தான் விடவில்லை. படத்தில் மேஜர் செத்துப்போகிறாராம். அதுவும் சண்டை போட்டு இல்லை, படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே, பறக்கிறவனும் மலையைத் தூக்குகிறவனும் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு மூலையில் கழுத்தறுபட்டு விழுகிறாராம், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையாம். தொடரில் நமக்கு அந்த மேஜர்தான் எல்லாம். சக்தி கிக்தி எதுவும் இல்லாத அந்த மனிதர் கையில் ஒரு துப்பாக்கியோடு இத்தனை வருஷம் அந்தப் படையை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். நானும் பார்க்கிறேன், ஒளிப்பானேன். என்னைக் கேட்டால், அந்தப் படக்காரர்கள் பணக்காரச் சொந்தக்காரர்கள் மாதிரி. தொடரில் இருக்கிறவர்கள் படத்தில் என்ன நடந்தது என்று ஒவ்வொரு வாரமும் கவலைப்பட்டுச் சாகிறார்கள், படத்தில் இருக்கிறவர்களுக்கு இவர்கள் உயிரோடு இருப்பதே தெரியாது.

அன்று சாயங்காலம் தொடரில் மேஜர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்திருக்கிறார். வெல்டிங் பொறுக்கமாட்டாமல் சிரித்திருக்கிறான். செத்த ஆளு என்னடா நடந்து வர்றாரு என்று கேட்டிருக்கிறான். சின்னவன் முகத்தில் ஈயாடவில்லையாம். சட்டத்தை மீறிட்டே, வெளியே போ என்றிருக்கிறான். அதோடு விட்டிருந்தால் சரி. வெல்டிங் விடவில்லை. படத்துல செத்தா செத்ததுதான், தொடரெல்லாம் கணக்குலயே சேராது, படத்துல இடம் கிடைக்காதவங்கதான் தொடர்ல சுத்திக்கிட்டு இருக்காங்க என்றிருக்கிறான். பிறகு சொன்னதுதான் வினை. உன் அண்ணன் படம்டா, நீ தொடர், அவன் போயிட்டான், நீ இங்க எலும்பு வெட்டிக்கிட்டு அவன் என்ன செய்றான்னு பாத்துக்கிட்டே இரு, அவன் என்னிக்காவது உன்னைத் திரும்பிப் பாத்திருக்கானா என்றானாம். இதை எனக்குச் சொன்னவள் மருந்துக்கடைப் பெண். அவளைக் குளிர் அறைக்குள் விட்டுக் கதவை மூடி, சொன்னால்தான் திறப்பேன் என்று நின்ற பிறகு சொன்னாள். கேட்டதும் எனக்கே வயிறு எரிந்தது. ஆனால் வயிறு எரிந்தால் தண்ணீர் குடிக்க வேண்டும். உன் தம்பி கத்தி தீட்டுகிற இரும்புக் கம்பியை எடுத்தான்.

நான் அப்போது குளிர் அறையில் இருந்தேன். அந்தக் கதவு மூடினால் வெளியே பூமி பிளந்தாலும் கேட்காது. நான் வெளியே வந்தபோது பின்கதவு திறந்து கிடந்தது, சின்னவன் இல்லை. வெல்டிங் தரையில் கிடந்தான். நான் பிறந்ததிலிருந்து ரத்தத்தில் கால் வைத்து வளர்ந்தவள், எனக்கே தலை சுற்றியது. முதல் அடியிலேயே தாடை இரண்டாகப் போயிருந்தது, வாய் ஒரு பக்கம் தொங்கியது. விழுந்த பிறகும் விடவில்லையடா உன் தம்பி. கண்ணுக்கு மேலே பிளந்திருந்தது, தடுக்க நீட்டிய முழங்கையில் எலும்பு வெளியே தெரிந்தது, பல் ஒன்று என் செருப்புக்கடியில் நறுக்கென்றது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத நம் ஊசிதான் குறுக்கே பாய்ந்து கம்பியைப் பிடுங்கியிருக்கிறான். கம்பியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் தன் சட்டையைக் கழற்றி வெல்டிங் முகத்தில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனேதான் வெல்டிங்கைத் தூக்கித் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். போலீஸ் வந்தபோது அவன் மார்பெல்லாம் ரத்தம், இடுப்பில் நம் கடைக் கம்பி.

இப்போது உன் சட்டம் செய்த வேலையைக் கேள். நீயா அடித்தே என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தக் கல்லுளிமங்கன் நிமிர்ந்து நின்றுகொண்டு, அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது என்றிருக்கிறான். தொடரில் பிடிபட்டவர்கள் சொல்வார்களே, அதே வசனம், அதே குரலில். இன்ஸ்பெக்டர் விட்ட அறையில் சுவரில் போய் மோதினான். எழுந்து மறுபடியும் அதையே சொன்னானாம். மருந்துக்கடைப் பெண்ணை அவள் அப்பா ஸ்டேஷன் வாசலை மிதிக்க விடவில்லை, அவளும் நான் சத்தியம் பண்ணியிருக்கேன் என்று அழுகிறாள். அட, அடிவாங்கியவனாவது சொல்வான் என்று பார்த்தால், தாடையைக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள். உன்னை அடிச்சது யார், நான் பேர் சொல்றேன், நீ தலையை மட்டும் ஆட்டு என்று போலீஸ்காரர் கேட்டதற்கு வெல்டிங் கண்ணை மூடிக்கொண்டான். அடித்தவனையே காட்டிக்கொடுக்க மாட்டானாம். பைத்தியக்காரக் கும்பலடா நீங்கள். எனக்கு அங்கேயே அவன் இன்னொரு தாடையையும் உடைக்கலாம் போல இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வெல்டிங் பெண்டாட்டி என்னைக் கன்னத்தில் அறைந்தாள். எல்லோரும் பார்க்க அறைந்தாள். உன் கடையில்தானே நடந்தது என்று மறுபடி கை ஓங்கினாள். நான் சும்மா நின்றேன். என் மேல் கை வைத்தவர்களை நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். அடித்தது என் சின்னவன்தான் என்று சொன்னேன். ஓங்கின கை அப்படியே நின்றது. பிறகு அவளே என் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தாள். இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார். நீங்க ரூமுக்குள்ள இல்ல, இந்தம்மா கடையிலேயே இல்ல, இருந்தவன் எவனும் வாயத் திறக்கல, கையில கம்பியோட ஒருத்தன் இருக்கான், நான் என்ன செய்யட்டும், உங்க பையன் வந்து சொல்லட்டும், இவனை விட்டுடறேன் என்றார். என்னைக் கேட்டால் அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன், சொன்னாலும் கேட்க மாட்டார்.

உன் தம்பியை நீ விட்டுக்கொடுக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அண்ணன் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். வெல்டிங் சொன்னது உன் காதுக்கு வந்து, அவனைத் திரும்பிப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்று இப்போது பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாயோ என்னவோ. திரும்பிப் பார்ப்பது என்றால் இதுவல்ல. அவனை வெளியே விடாமல், யாரிடமும் சொல்லாமல் எத்தனை நாள் வைத்திருப்பாய். ராத்திரி கதவு தட்டினால் தூக்கிவாரிப் போடுகிற பிழைப்பு அவனுக்கு வேண்டாம். வந்து சொல்லிவிட்டு உள்ளே போகட்டும். அடிப்பார்கள். அதையும் நான் எழுதாமல் விடப் போவதில்லை. அடிப்பார்கள், அவன் வாங்கிக்கொள்ளட்டும், நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன். வக்கீலிடம் பேசிவிட்டேன். வெல்டிங்கும் பெண்டாட்டியும் மனது வைத்தால் தண்டனை குறையும் என்றார், அவள் மனது வைப்பாள் போலத்தான் தெரிகிறது. வராமல் போனால், பெரியவனே, அவனை என் பிள்ளை என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். இதை எழுத எனக்கு நோகாமல் இல்லை. எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று ஊசியைப் பார்க்கப் போனேன். வாசலில் நிற்கிற போலீஸ்காரருக்கு ஒரு பொட்டலம் நல்ல கறி கொடுத்தேன், கொஞ்ச நேரம் விட்டார். ஊசியின் வலது கையை பூட்ஸ் காலால் மிதித்திருக்கிறார்கள். விரல்கள் வீங்கி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன, நகம் கறுத்துவிட்டது. அந்த விரல்களை வைத்துத்தான் அவன் சாப்பிட வேண்டும், பிழைக்க வேண்டும். ஊட்டிவிட்டேன். உதடு கிழிந்திருந்ததால் மெல்ல மெல்ல மென்றான். எதற்குடா இப்படி, சொல்லித் தொலையேன் என்று அழுதேன். அவன் என்னைச் சமாதானப்படுத்துகிறான். நான் வாயத் திறக்கலக்கா, பயப்படாதீங்க, சின்னவன் வந்துடுவான், வராம எங்க போவான் என்றான். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. அப்படியே நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பிறகு லாக்கப் கம்பிக்கு இன்னும் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, இந்த வாரம் பார்த்தீங்களாக்கா என்று கேட்டான். அன்றைக்குச் சண்டையில் தொடர் பாதியில் நின்றுபோனதே, மேஜர் படையில் இருக்கிற மொட்டையை எதிரிகள் நாற்காலியில் கட்டிவைத்து அடித்துக்கொண்டிருந்தார்களே, அதற்கு மேல் அவன் பார்க்கவில்லை. மொட்டையைக் கூட்டிட்டுப் போக நம்ம ஆளுங்க வந்தாங்களா என்றான்.

நான் பார்த்திருந்தேன். தரையைக் கழுவிவிட்டு அந்த அறையில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். நீங்களும் அங்கே பார்த்திருப்பீர்கள். யாரும் வரவில்லை. மேஜர் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, ஒருத்தனுக்காக எல்லோரும் சாக முடியாது என்று சொல்லிவிட்டார். மொட்டை கடைசி வரைக்கும் ஒரு பெயரும் சொல்லாமல் வாசலைப் பார்த்தபடியே நாற்காலியில் செத்துப்போனான். இதை அந்தக் கம்பிக்கு முன்னால் நின்று நான் எப்படிச் சொல்வேன். வந்தாங்கடா, கதவை உடைச்சுக்கிட்டு வந்தாங்க என்றேன். கிழிந்த உதட்டோடு சிரித்தான், ரத்தம் மறுபடியும் கசிந்தது. யாரு முதல்ல வந்ததுக்கா என்று கேட்டான். படையில இருக்கறதுலயே சின்னவன்தான் என்று சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே. நீங்கள் நீண்ட ஆயுளோடு நல்ல மனிதர்களாக இருக்க வேண்டும், ஆயுளைவிட இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். கடிதத்தை அவன் கையில் கொடுக்காதே, பாதியில் கிழித்துவிடுவான். நீ வாசி, அவன் எதிரில் உட்கார்ந்து கேட்கட்டும். புதன்கிழமை காலையில் ஊசி கோர்ட் வாசலில் வண்டியிலிருந்து இறங்கும்போது யார் வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பான்.

இப்படிக்கு,
அவனிடம் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கும்
அம்மா