விற்க மாட்டேன் என்ற டயர்

மச்சான்,

காலையில் கிடங்கைத் திறந்தேன். புது ரப்பர் வாடை முகத்தில் அடித்தது. மெட்ராஸிலிருந்து நேற்றுத்தான் சரக்கு வந்து இறங்கியது. சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுப் பிழைப்பைத் தொடங்கியவன் நான். அத்தர் வாடையைவிட இந்த வாடைதான் எனக்கு உசத்தி. ஆனால் நீங்கள் மவுத்தான பிறகு அது மூக்கில் ஏறினாலே எரிச்சல் வருகிறது. போனவர்களை நினைத்தால் கண் கலங்கும் என்கிறார்கள். உங்களை நினைத்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் என் மனைவியின் அண்ணன். வேறு யாராவது இப்படி என்னைப் பாடாய்ப் படுத்தியிருந்தால் கடைப் பக்கமே வரவேண்டாம் என்று சொல்லியிருப்பேன். சைகோனில் துணிக்கடையைச் சண்டைக்குப் பறிகொடுத்துவிட்டு, ஒரு பெட்டியும் ஒரு வெள்ளைத் தொப்பியுமாகக் கப்பலிலிருந்து இறங்கினீர்கள். என் கடையில் வந்து உட்காருங்கள் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். நீங்களோ, "நான் கடை வச்சவன் மாப்ளே. இன்னொருத்தன் கடையில உக்காந்து எனக்குப் பழக்கமில்ல" என்றீர்கள். பிரெஞ்சுக் கொடி இறங்கித் துரைமார்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. அவர்களில் ஒருவருடைய காரை, உங்கள் மனைவி லாத்தாவின் நகையைப் போட்டு வாங்கிக்கொண்டு வந்து என் கடை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தீர்கள். வாடகைக் காராம். வாங்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? வாங்கின பிறகு மட்டும் என்ன கேட்டீர்கள்? "கலர் எப்படி?"

கலருக்கு ஒரு குறையும் இல்லை. டயர்தான் ஒல்லி. வெள்ளைக்காரன் அவனுடைய ஊர் ரோட்டுக்குச் செய்த வண்டி. மீன் ஏலம் எடுக்கும் ஒருவரை ஏற்றிக்கொண்டு காரைக்கால்மேட்டுக்குப் போனீர்கள். மணலில் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. ஏலத்துக்கு வந்த கூட்டம் ஏலத்தை விட்டுவிட்டு உங்களைச் சுற்றி நின்றது. கடைசியில் மாடு கட்டி இழுத்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவன் தலை நிமிராமலே, "மாட்டுக்கு வாடகை தனியா குடுத்துருங்க தொப்பிக்காரரே" என்றானாம். அந்தப் பேச்சு உங்களுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு காரைக் கேட்டு யாரும் வரவில்லை. தினமும் துடைத்துத் துடைத்துக் கார் பளபளத்தது. வீட்டில் அடுப்புத்தான் மங்கியது. என் வீட்டுக்காரிதான் எனக்குத் தெரியாமல் அரிசி அனுப்பினாள். எனக்குத் தெரியாமல் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நம் தெரு ஜவுளிக்கடை வீட்டுக் கல்யாணம் வந்தது. பெண் வீட்டுப் பெண்கள் சீர்ப் பண்டங்களோடு நாகூரில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகக் கார் வேண்டும் என்று உங்களிடமே வந்து கேட்டார்கள். மாப்பிள்ளை வீடு கடலோரம். தெரு முழுக்க மணல். மறுநாள் விடிந்ததும் நீங்கள் என் கடையில்.

"மாப்ளே, அந்த மேல் தட்டுல பெருசா கெடக்கே, அத எறக்கு."

அது வேறொரு பெரிய காருக்கு ஸ்டெப்னியோடு ஐந்தாக வரவழைத்த டயர். அந்தக் கார் துரையோடு ஊரை விட்டே போய்விட்டது. டயர் என் தலைமேல் தூசி பிடித்துக் கிடந்தது. வேறு எவன் கேட்டிருந்தாலும் கட்டித் தழுவி, சர்பத் வாங்கிக் கொடுத்து அவன் தலையில் கட்டியிருப்பேன். வியாபாரி நான். உங்களிடம் மட்டும் மாட்டேன் என்றேன்.

"அது உங்க வண்டிக்கு ஆகாது மச்சான்."

"வட்டம் ஒண்ணுதானே?"

"வட்டம் ஒண்ணு. அகலம்? உங்க ரிம் ஒடுக்கம். அதுல இதை மாட்டுனா ரெண்டு பக்கமும் பிதுங்கும். தொந்தியில பெல்ட்டை இறுக்கிக் கட்டுன மாதிரி இருக்கும்."

"உனக்கு இல்லாத தொந்தியா? நீ ஓடலியா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"ஸ்டேரிங் கனக்கும். வளைவுல வண்டி அலையும். ஸ்டெப்னி அதோட எடத்துல அடங்காது. மணல்லதானே பயம்? இப்ப இருக்குற டயர்லயே கொஞ்சம் காத்தை எறக்கிட்டுப் போங்க. ரோட்டுக்கு வந்ததும் அடிச்சுக்கலாம்."

"கல்யாண வீட்டு வாசல்ல பம்பைப் புடிச்சுக்கிட்டு நான் குந்தணுமாக்கும். மாப்பிள்ளை வீட்டுக்காரன் காசு போட்டுட்டுப் போவான்."

பிறகு குரலைத் தாழ்த்தினீர்கள். "இந்தக் கல்யாணத்துல சிக்குச்சுன்னா காரை வித்துருவேன் மாப்ளே. வேற வழியில்ல. அப்பறம் நீ சொன்ன மாதிரி உன் கடையிலதான் வந்து உக்காரணும். நாள் பூரா. யோசிச்சுக்க."

யோசித்தேன். நாள் பூரா நீங்கள் என் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவனிடமெல்லாம் சைகோனைப் பற்றிப் பேசுவதை யோசித்தேன். ஏணியைப் போட்டு டயரை இறக்கினேன்.

மாட்டி முடித்ததும் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை விட்டுக் காட்டினீர்கள். "ரெண்டு விரல் தாராளமாப் போகுது. கண்ணைத் திறந்து பாரு." பார்த்தேன். போகத்தான் செய்தது. கார் காலியாக நின்றது.

கல்யாணத்தன்று பெண்கள் ஏறும் நேரம் வந்தது. காரின் கண்ணாடிக்கெல்லாம் திரை கட்டியாயிற்று. கோஷாப் பெண்கள் ஏறும்போது ஆண்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பது நம் தெரு மரியாதை. கார்க்காரருக்கும் அதுதான். நீங்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்து நின்றீர்கள். ஆண்களை ஏற்றிய குதிரை வண்டியில் நானும் குதிரையின் காதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டது, மூடும் சத்தம் கேட்டது. மறுபடி திறந்தது. "கொஞ்சம் ஒண்டிக்கடி." "மடியில வச்சுக்க." "பலகாரச் சட்டியை மிதிக்காதே." மறுபடி மூடியது. மறுபடியும் திறந்தது. உள்ளே எத்தனை பேர் என்று எந்த ஆணுக்கும் தெரியாது. கேட்கவும் முடியாது. கார் கிளம்பியபோதுதான் அதன் பின்பக்கத்தைப் பார்த்தேன். மட்கார்டு டயரின் மேல் குடை மாதிரி கவிழ்ந்து கிடந்தது.

அரசலாற்றுப் பாலத்துக்குத் திரும்புகிற வளைவில் மட்கார்டில் டயர் பட்டு உங்கள் கார் கத்தியது. ரப்பர் கருகுகிற வாடை குதிரை வண்டி வரைக்கும் வந்தது. நான் இறங்கி ஓடிவந்தபோது நீங்கள் திரைக்கு முதுகைக் காட்டி நின்று, ஆற்றைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

"உள்ள எத்தனை பேரும்மா?"

திரைக்குள்ளிருந்து பதில் சொன்னது லாத்தாவேதான். "ஏறுறப்ப எண்ணிட்டா ஏறுவாங்க? வண்டிய எடுங்க."

"பாதிப் பேரு எறங்கிக் குதிரை வண்டிக்கு மாறுனா நல்லது. ஆம்பளைங்க நடந்து வந்துருவோம்."

உள்ளிருந்து ஏகப்பட்ட குரல்கள். "குதிரை வண்டியில போயி எறங்குறதுக்கா இம்புட்டுப் பட்டு கட்டுனோம்?" "அவ வேணும்னா எறங்கட்டும், கடைசியா வந்து திணிஞ்சவ அவதான்." "நான் ஏன் எறங்குறேன்? நான் பொண்ணுக்கு மாமி!"

நான் உங்கள் காதில் சொன்னேன்: "அன்னைக்கே நான் சொன்னேன்."

நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கோபமில்லை. பயம். நீங்கள் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சைகோனில் எல்லாம் போன கதையைச் சொல்லும்போதுகூட நீங்கள் அப்படி இருந்ததில்லை.

தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தீர்கள். ஜாக்கிக் கம்பியை எடுத்தீர்கள். ஈ உட்கார்ந்தால்கூடத் துண்டால் விசிறித் துடைத்த அந்த மட்கார்டின் விளிம்பை, உள்ளிருந்து வெளியே நெம்பி நெம்பி அடித்தீர்கள். ஒவ்வோர் அடிக்கும் திரைக்குள்ளே "யா அல்லா" என்று சத்தம் வந்தது. பெயிண்ட் பொரி மாதிரி உதிர்ந்தது. தகடு அல்லி இலை மாதிரி வெளியே விரிந்தது. இரண்டு பக்கமும் முடித்துவிட்டுத் தொப்பியை வாங்கி மாட்டிக்கொண்டு, "ஏறு மாப்ளே, நேரமாச்சு" என்றீர்கள். என்னமோ நான்தான் தாமதப்படுத்தியது போல.

இனி நடந்ததை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. நாகூர் மணலில் உங்கள் கார் தோணி மாதிரிப் போனது. ஓர் இடத்தில்கூடச் சிக்கவில்லை. என் குதிரை வண்டிதான் சிக்கியது, இறங்கித் தள்ளினேன். மாப்பிள்ளையின் தகப்பனார் வாசலுக்கு வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"இதென்ன, மட்கார்டு இப்புடி விரிஞ்சிருக்கு?"

"சைகோன்ல இப்புடித்தாங்க. பாரம் ஏத்துற வண்டிக்கு" என்றீர்கள், கண் இமைக்காமல்.

அந்த மனிதர் தலையை ஆட்டினார். வலீமா விருந்துக்கும் அதே காரைப் பேசிவிட்டார். அதற்குப் பிறகு திருவேட்டக்குடி வரைக்கும், மணலில் வீடு இருக்கிற கல்யாணக்காரர்கள் எல்லாரும் 'விரிஞ்ச மட்கார்டுக் காரை'த் தேடி வந்தார்கள். தப்பான டயரை மாட்டி, நல்ல தகட்டை உடைத்து, அதிலேயே பிழைத்துக்கொண்ட ஆள் இந்தக் கரையில் நீங்கள் ஒருவர்தான்.

அதோடு விட்டீர்களா? அன்று திரும்பும்போதே ஆரம்பித்தீர்கள். "பிதுங்கும்னே, கனக்கும்னே, அலையும்னே, அடங்காதுன்னே. எல்லாம் சரி மாப்ளே. உரசும்னு சொன்னியா?" குடும்பத்தில் நெய்ச்சோறு ஆக்கின இடத்திலெல்லாம், ஸஹன் தட்டில் முதல் கை வைப்பதற்கு முன்னால் இதைக் கேட்டீர்கள். நான் சொன்னதெல்லாம் நடந்தது. டயரின் நடுப்பட்டை மட்டும் சீக்கிரமே தேய்ந்தது. ஸ்டேரிங் கனத்து உங்கள் தோள்பட்டை வீங்கி லாத்தா தைலம் தேய்த்தார். "வயசாச்சுல்ல மாப்ளே" என்பீர்களே தவிர, டயர் என்று உங்கள் வாயிலிருந்து வந்ததே இல்லை. தேய்ந்ததும் மறுபடி அதே அளவைக் கேட்டீர்கள். நானும் திட்டிக்கொண்டே வரவழைத்தேன்.

போன மழையில் நெஞ்சில் சளி கட்டி நாலைந்து நாளில் போய்விட்டீர்கள். கடைசி வரைக்கும் என் கடையில் வந்து உட்காரவில்லை. ஜெயித்தது நீங்கள்தான், ஒத்துக்கொள்கிறேன். லாத்தா ஒரு டிரைவரை வைத்திருக்கிறார். கார் ஓடுகிறது, வீடும் ஓடுகிறது. அரிசி இப்போது அந்த வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறது, நோன்புக் கஞ்சிக்கு.

உங்களால் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யார் டயர் கேட்டு வந்தாலும், கடையில் நிற்கிறவன் போகிறவன் எல்லாரையும் பிடித்து அவர்கள் வண்டியில் ஏற்றி உட்கார வைத்த பிறகுதான் அளவு பார்க்கிறேன். பைத்தியம் என்கிறார்கள்.

நேற்று விழிதியூரிலிருந்து ஒரு மிராசுதார் வந்தார். பழைய கார். அகலமான டயர் வேண்டுமாம், வயல் பாதையில் ஓட்ட. நான் வேட்டியை இறுக்கிக்கொண்டு, "அது உங்க ரிம்முக்கு ஆகாதுங்க" என்று ஆரம்பித்தேன்.

"அப்படியா? நீங்க சொன்னா சரி பாய். பழைய அளவையே குடுங்க."

அவ்வளவுதான். வாங்கிக்கொண்டு போய்விட்டார். சொல்ல வேண்டியது இன்னும் எத்தனையோ இருந்தது, மச்சான்.