சின்னவளின் இரண்டாவது ஸ்கேன்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. உன் உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று முதலில் கேட்கச் சொல்லி அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், கேட்டுவிட்டேன். அவளுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. எனக்கு முழங்கால் பழையபடிதான், குனிந்து குழாய் மாட்டும் வேலைகளை மட்டும் குறைத்திருக்கிறேன். போனில் பேசினால் பாதியில் புகுந்து உன் நியாயத்தைச் சொல்வாய், அதனால்தான் கடிதம், முழுவதும் படி.

உன் தங்கைக்கு நேற்று இரண்டாவது ஸ்கேன் முடிவு வந்தது. முதுகெலும்பு இடுப்பில் வந்து சேருகிற இரண்டு மூட்டுகளிலும் அழற்சி, அதற்கு மேலே முதுகெலும்பிலும் மூன்று இடத்தில். மூட்டுவாத டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். எலும்புக்குள் நீர் கோத்திருந்தால் இந்தப் படத்தில் வெள்ளையாகத் தெரியுமாம், எக்ஸ்ரேயில் இது தெரியாதாம், எலும்பு கெட்டுப் பல வருஷம் ஆன பிறகுதான் அதில் தெரியுமாம். நாற்பது வருஷமாகச் சுவருக்குள் ஒழுகுகிற தண்ணீரைத் தேடிக் கண்டுபிடிக்கிறவன் நான், என் மகளின் முதுகில் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படியே விட்டிருந்தால் எலும்போடு எலும்பு ஒட்டி முதுகு விறைத்துப்போகவும் வழியுண்டு என்றார்.

முதல் ஸ்கேன் ஏன் சுத்தமாக வந்தது என்று இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். அதற்கு மூன்று வாரம் முன்னால், பிஸ்கட் டப்பாவில் துணி சுற்றி, ஊருக்கு வந்த உன் நண்பன் கையில் அவள் முதுகுவலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினாயே, அதனால். மருந்துக் கடையில் வேலை பார்த்தால் நீ டாக்டர் ஆகிவிடுவாயா? வீக்கத்தை அடக்குகிற ஸ்டீராய்டு அது. "டாக்டர்கிட்ட சொல்லாதீங்கப்பா, அவங்களுக்குக் கோபம் வரும்" என்று வேறு சொன்னாய், நானும் பெரிய புத்திசாலி மாதிரி வாயை மூடிக்கொண்டேன். தினமும் காலையில் தண்ணீரும் மாத்திரையுமாக நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வேலைக்குப் போகும் வீட்டிலெல்லாம், நான் வருவதற்கு முன் ஈரத்தைத் துடைத்து வைக்காதீர்கள், துடைத்தால் ஒழுகும் இடம் எனக்குத் தெரியாது என்று சண்டை போடுகிறவன் நான். என் வீட்டில் என் கையாலேயே துடைத்துவிட்டுத்தான் அவளை ஸ்கேனுக்குக் கூட்டிப்போனேன்.

படம் சுத்தம் என்றதும் நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "படத்துலயே ஒண்ணும் இல்ல, எல்லாம் அவ மனசுலதான் இருக்கு, நல்லா வேலை வாங்குங்க, சரியாயிடும்" என்றாய். அவள் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு நின்றாள். துணிக்கடையில் நாளெல்லாம் நின்று வேலை பார்க்கிறாள், அப்போது வலியில்லை, படுத்து எழுந்தால்தான் வலி என்கிறாளே, இது என்ன வலி என்று நாம் எல்லோரும் சிரித்தோம். இந்த நோயின் குணமே அதுதானாம், ஓய்வெடுத்தால் ஏறும், நடந்தால் இறங்கும். டாக்டரம்மா சொன்னபோது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மாத்திரை தீர்ந்து வலி திரும்பியதும், காலி அட்டையை எடுத்துக்கொண்டு அவளே தனியாக டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னாள். மருந்தின் வேகம் முழுக்க இறங்கினால்தான் மறுபடி எடுக்கும் படம் நிஜத்தைக் காட்டும் என்று ஆறு வாரம் பொறுக்கச் சொன்னார்கள். அந்த ஆறு வாரமும் விடியற்காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தாள். ஒருநாள் தாங்காமல் அம்மா ஏதாவது வலி மாத்திரை கொடுக்கப் போனபோது, "வேணாம்மா, படத்துல தெரிஞ்சாதான் நீங்க நம்புவீங்க" என்றாள். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வருகிறது, பாதி உன்மேல், பாதி என்மேல். பெற்ற பிள்ளையை நம்ப எனக்கு ஒரு படம் வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் ஊசி மருந்து ஆரம்பிக்கிறார்கள், வேலையை விட வேண்டியதில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். நீ பயப்படாதே, ஆனால் பயந்துகொண்டு இன்னொரு டப்பா அனுப்பிவிடாதே. பாசத்தால்தான் செய்தாய் என்று அம்மா உனக்காக வாதாடுகிறாள். பாசம்தான், யார் இல்லை என்றது, கேட்டுவிட்டுச் செய்திருக்கலாமே.

ஒன்றே ஒன்று. என்னைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்காதே, அவளைக் கூப்பிடு. இங்கே காலை ஐந்தரைக்குக் கூப்பிடு, அந்த நேரத்தில் நடந்துகொண்டிருப்பாள், முக்கால் மணி நேரம் அவளுக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் கிடைக்கும். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், "விடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருந்தாள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே காலையில் எழ நேரமாகிறது என்று அவளுக்கு நத்தை என்று பெயர் வைத்தாயே, வீட்டில் அதற்கு அதிகமாகச் சிரித்தவன் நான்தான். போனில் வாய் தவறிக்கூட அந்தப் பெயர் வரக் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள், நல்லபடியாக இரு, உன்னை ஒரு குறையும் அண்டாமல் இருக்கட்டும். ஐந்தரை மணி, மறக்காதே.

இன்னும் கோபம் தீராத,
உன் அப்பா