எட்டுப் பாதையில் எதிரே வருகிறவனுக்கு

இன்று காலையும் அந்த வாசனை வந்தது. யூகலிப்டஸ் தைலம். பூங்காவின் எட்டு வடிவ நடைபாதையில், இரண்டு வளையங்களும் வெட்டிக்கொள்ளும் நடு இடத்தில் மட்டும். ஓரடி முன்னால் இல்லை, ஓரடி பின்னால் இல்லை. முழங்காலில் அதைப் பூசிக்கொண்டு நடக்க வந்தவன் சிட்லபாக்கத்தில் நீ ஒருவன்தான். நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது.

நமக்கு வாய்த்த நல்ல நாட்களெல்லாம் பூங்காக்களில்தான் கழிந்தன. தாம்பரத்தில் ஒரே கல்லூரியில் இருவரும் வேதியியல் ஆசிரியர்கள். இருவருக்கும் மாடி ஃபிளாட். தொட்டிச் செடி வைத்தால்கூடத் தண்ணீர் சொட்டுகிறது என்று கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அதனால் சனிக்கிழமைதோறும் உன் ஸ்கூட்டரில் ஏதாவதொரு பூங்கா. "நமக்குத் தோட்டம் இல்லாத குறையைக் கவர்மென்ட் தீர்த்து வைக்குது மச்சான்" என்பாய். கிண்டியில் மர நிழலில் செய்தித்தாள் விரித்துப் படுத்திருப்போம். பள்ளிக்கரணையில் சதுப்பு நிலத்தைப் பார்த்தபடி உன் மனைவி கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தைத் தின்போம். தூரத்தில் குப்பை மேடு புகைந்துகொண்டிருக்க, "ஃபாரின்ல இதுக்கு மிஸ்ட்னு பேர் வெச்சு டிக்கெட் போடுவான்" என்றாய் ஒருமுறை. எனக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. அப்படிச் சிரித்தவன் நான் என்று இன்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பிறகு ஏரிக்கரைப் பூங்காவில் எட்டு போட்டார்கள். சர்க்கரை குறையும், மூட்டு வலி போகும் என்று காலனியே திரண்டு வந்து சுற்றியது. "சுகர் குறையுதோ இல்லையோ, வம்பு ஏறுது" என்றாய். நாம் வேண்டுமென்றே எதிரெதிர் வளையங்களிலிருந்து தொடங்குவோம். நடுவில் சந்திக்கும்போது நான் ஒரு வாக்கியம் சொல்வேன். ஒரு சுற்று போய்வந்து நீ அதற்குப் பதில் சொல்வாய்.

துறைத் தலைவர் பதவிக்கு என் பெயர் இருந்தது உனக்குத் தெரியும். தேர்வுக் குழு என்னைப் பற்றி உன்னிடம் கேட்டது. "கெட்டிக்காரன்தான். ஆனா கோபக்காரன், யாரோடும் ஒத்துப்போக மாட்டான்" என்று சொன்னாய். பதவி உனக்கு வந்தது. நீ சொன்னதைக் குழுவில் இருந்த ஒருவரே வந்து என்னிடம் சொல்லிவிட்டார். மறுநாள் காலை எட்டின் நடுவில் உன்னிடம் கேட்டேன்: "ஏன்டா அப்படிச் சொன்னே?"

வழக்கம்போல ஒரு சுற்று போய்வந்தாய். "உண்மையைத்தானே சொன்னேன் மச்சான்."

வாய் தவறி வந்திருந்தால் மறந்திருப்பேன். ஒரு முழுச் சுற்று யோசித்துவிட்டுச் சொன்ன பதில் அது.

அதன் பிறகு உன்னோடு நான் பேசவில்லை. ஆனால் இருவரும் வருவதை நிறுத்தவும் இல்லை. பல ஆண்டுகள், அதே நேரம், எதிரெதிர் வளையங்கள். நடுவை நெருங்கும்போது நீ வந்தால் நான் நின்றுவிடுவேன். மரியாதைக்காக அல்ல, உன் தோள் என்மேல் படக் கூடாது என்பதற்காக. உன் செருப்பு சரக் சரக்கென்று தேய, தைல வாசனையோடு கடந்து போவாய். உன் இதயம் நின்றுபோன மறுநாளும் அதே இடத்தில் நின்றேன். பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் மேடவாக்கத்திலிருந்து இங்கே குடிவந்த ஐ.டி. கம்பெனிக்காரர் ஒருவர் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். நடுவில் சட்டென்று நின்றார். நான் மோதப் பார்த்தேன்.

"சாரி சார், அவர் போகட்டும்னு நின்னேன்."

"எவர்?"

காதிலிருந்து இயர்போனைக் கழற்றினார். இரண்டு பக்கமும் பார்த்தார். "இங்கதானே சார் வந்தார்…" மறுநாளிலிருந்து அவர் எட்டுப் பக்கமே வருவதில்லை. வெளிச்சுற்றில் ஓடுகிறார்.

அந்த வாரம்தான் உன் மனைவி வந்தாள். பூங்கா வாசல் பெஞ்சில் எனக்காகக் காத்திருந்தாள்.

"அண்ணா, சொன்னா சிரிக்கக் கூடாது. டெய்லி கனவுல வர்றார். நடந்துக்கிட்டே இருக்கார். கால் வீங்கிருக்கு, உட்காருங்களேன்னு கெஞ்சுறேன். 'அவன் பேசினாத்தான் நிறுத்த முடியும்'ங்கிறார்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒரே வார்த்தை அண்ணா. மன்னிச்சிட்டேன்னு சொல்லிடுங்க. அவர் நிக்கட்டும்."

"சொல்றேம்மா" என்றேன்.

மறுநாள் விடியலில் ஏரியிலிருந்து பனி ஏறிப் பூங்காவை மூடியிருந்தது. யாரும் வருமுன் போய் நடுவில் நின்றேன். கரையில் நீர்க்கோழி ஒருமுறை கத்திவிட்டு அடங்கியது. அப்புறம் ஏரிப் பக்க வளையத்தில் சரக், சரக். அவசரமே இல்லாத நடை. பனிக்குள் ஆள் இல்லை. சத்தம் மட்டும் வளைந்து என்னை நோக்கித் திரும்பி, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றது. வழியை நான் மறித்துக்கொண்டிருந்தேன்.

வாயைத் திறந்தேன். சொல்ல வந்தது வரவில்லை.

"ஏன்டா அப்படிச் சொன்னே?"

என் இடது தோளை ஈரமாக ஏதோ உரசிக்கொண்டு போனது. சரக், சரக். நீ ஒரு சுற்று போய்வந்து பதில் சொல்வாய் என்று காத்திருந்தேன். வந்தாய். நின்றாய். ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் போனாய். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். நான் கேட்கிறேன், நீ யோசிக்கப் போகிறாய்.

"சொன்னீங்களா அண்ணா?" என்று உன் மனைவி போனில் கேட்கிறாள். தூக்கமில்லாமல் அவள் குரலே மாறிவிட்டது. "இன்னும் இல்லம்மா" என்கிறேன். அவளுக்காகவாவது சொல்லலாம். மூச்சு விடும் நேரம்கூட ஆகாத சொல். நாக்கின் அடியில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு காலையும் வருகிறேன்.

ஆனால் சொன்னால் நீ நின்றுவிடுவாய். கல்லூரியில் என்னோடு பேசுகிறவர் இல்லை, வீட்டில் டி.வி.தான் பேசுகிறது. எனக்கு எதிரே வருவதற்கு இந்த ஊரில் உன்னைத் தவிர ஆள் இல்லை. உன் மேல் எனக்குள்ள கோபத்தை ஒரு துளி சிந்தாமல் வைத்திருக்கிறேன். கால் வலிக்கும், தெரியும். நட மச்சான்.