கரடியூர்ச் சரிவில் பிடுங்கிய நாடாக்கள்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மூடுபனி. ஆடி மாதத்தில் ஸ்வெட்டர். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கரடியூர் பள்ளிக்கூடம். மலைப்பாதையில் பதினெட்டுப் பிள்ளைகளில் பதினோரு பேர் வாந்தி. அப்பாவோடு கடலுக்குள் போய் வருகிற பிள்ளைகள், அலைக்கு அசையாததுகள், கொண்டை ஊசி வளைவுக்குச் சுருண்டுவிட்டன. கூட வந்த பி.டி. சாரும் அவுட். நான் வாந்தி எடுக்கவில்லை, துடைத்தேன்.

மறந்துவிட்டு வந்தவை: முழங்கால் தைலம், டார்ச், பொறுமை.

இரண்டு பள்ளிக்கூடங்களுக்கும் 'நட்புப் பள்ளி' என்று மேலிடத்தில் ஜோடி போட்டுவிட்டார்கள். கடற்கரைப் பிள்ளைகள் மலையைப் பார்க்க வேண்டும், தை மாதம் மலைப் பிள்ளைகள் நம்மூருக்கு வந்து ஆமை முட்டையிடுவதைப் பார்க்க வேண்டும். நல்ல யோசனைதான். யோசிக்கிறவர்களுக்கு முழங்கால் வலி இல்லை.

இங்கே சுற்றுச்சூழல் மன்றம் நடத்துவது புஷ்பா டீச்சர். முப்பத்தைந்து வயது இருக்கும். சர்ச்சுக்குப் பக்கத்தில் வீடு. பஸ் நிற்பதற்குள் ஓடி வந்து என் பையை வாங்கிக்கொண்டார். "ஏனுங்க டீச்சர், நொம்பக் களைச்சுப் போயிட்டீங்களா? சுடுதண்ணி போட்டு வெச்சிருக்கறனுங்க." அழுகையே வந்துவிட்டது. கடைசியாக எனக்கு யார் சுடுதண்ணீர் போட்டு வைத்தார்கள்?

பிள்ளைகளுக்குப் பள்ளி ஹாலில் பாய். சாப்பாடு சோறு, ரசம், அவரைக்காய்ப் பொரியல். "மீன் இல்லியா மிஸ்?" மூன்று பேர் கேட்டார்கள்.

ஆகஸ்ட் 6, புதன்

தூறல். காலையில் எழுந்தபோது மலையே காணோம்.

புஷ்பாவுக்கு ஏற்காட்டில் மீட்டிங். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வகுப்பு. நாங்கள் மட்டும் சும்மா. பி.டி. சாருக்குச் சும்மா இருந்தால் கை கால் நமநமக்கும். "பசங்களைக் கூட்டிட்டுப் பின்னாடி சரிவை கிளீன் பண்ணிடலாமா மேடம்? அவங்க வரும்போது சர்ப்ரைஸா இருக்கும்."

பள்ளிக்குப் பின்னால் எஸ்டேட்காரர் விட்டுக்கொடுத்த சரிவு. உண்ணிச்செடியும் புல்லும் இடுப்பளவு. ஊடே வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் நாடா. சுற்றுலா வருகிறவர்கள் செய்கிற வேலை என்று நினைத்தேன். சரி என்றேன். நான் மேலே ரோட்டோர மதிற்சுவரில் உட்கார்ந்துகொண்டேன், முழங்கால். அங்கிருந்தே நம் மன்றத்து விதியைக் கத்தினேன். எட்டு வருஷமாகக் கடற்கரையில் கத்துகிறது: "பிளாஸ்டிக்கா இருந்தா குப்பை! யோசிக்காதீங்க, எடுங்க!"

யோசிக்கவில்லை. எடுத்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் மூன்று சாக்கு. சிப்ஸ் பாக்கெட், தண்ணீர் பாட்டில், அந்த நாடாக்கள், நாடா கட்டியிருந்த குச்சிகள். ஒன்பதாம் வகுப்பு அபிநயாதான் லீடர். சாக்கை முதுகில் போட்டுக்கொண்டு ஏறி வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. "ஒண்ணு விடல மிஸ்!"

சபாஷ் என்றேன். சொன்னேனே!

சாயங்காலம் புஷ்பா வந்தார். சாக்கைப் பார்த்தார். உள்ளே கையை விட்டு ஒரு நாடாவை எடுத்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அய்யோ சாமி. இது குப்பை இல்லீங்களே டீச்சர்."

உரச்சாக்கைக் கிழித்த நாடா. ஒவ்வொன்றிலும் மார்க்கரில் ஒரு பிள்ளையின் பெயர், வகுப்பு. இரண்டு வருஷமாகப் பிள்ளைகள் அந்தச் சரிவில் நாவல், பலா, செண்பகம் என்று நட்டிருக்கிறார்கள். செடி இன்னும் முழங்கால் உயரம்தான், புல்லுக்குள் மறைந்துவிடுகிறது. களை வெட்ட வருகிறவர்கள் மெஷினை நாடாவைப் பார்த்துத்தான் ஒதுக்குவார்களாம். நாடா இல்லாவிட்டால் செடியும் களைதான்.

களை வெட்ட வருவது வெள்ளிக்கிழமை. நாளை மறுநாள்.

"பிளாஸ்டிக்குல கட்டுனது எங்க தப்புத்தானுங்க. துணி கட்டுனா மழைக்கு இத்துப் போகுதுங்க" என்கிறார். திட்டியிருந்தால் தேவலை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. பெயர் எழுதியிருக்கிறதே, ஒருத்தருக்குமா தோன்றவில்லை? கேட்டேன். "டூரிஸ்ட் யாரோ எழுதிக் கட்டுனதுன்னு நெனச்சோம் மிஸ். நீங்கதானே யோசிக்காதீங்கன்னு…" ஒரு வாண்டு. பி.டி. சார் அவன் தலையில் தட்டப் போனார், தடுத்தேன். அவன் சொன்னதில் தப்பில்லை.

களை வெட்ட ஆள் அனுப்பும் எஸ்டேட் ரைட்டர் பழனிசாமிக்குப் போன். ரொம்ப மரியாதை, ரொம்ப உறுதி. "ஒரு நா தள்ளிப் போட்டா ஆளுங்க வெள்ளக்கடை ஊருக்கு வேற வேலைக்குப் போயிருவாங்கம்மா. அப்பறம் எப்ப வருவாங்கன்னு எனக்கே தெரியாதுங்க. வெள்ளிக்கெழமை எட்டு மணிக்கு மெஷின் எறங்கிரும். அதுக்குள்ள அடையாளம் வெச்சிருங்க, அத நாங்க தொட மாட்டமுங்க."

நாடாக்களை எண்ணினோம். அறுபத்திரண்டு.

சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளை உட்கார வைத்துச் சொன்னேன். அபிநயா தலையே நிமிரவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் மழை. பத்து மணிக்கு விட்டது. பனி விடவில்லை.

புஷ்பா உள்ளூர்ப் பிள்ளைகளை வகுப்பிலிருந்து கூட்டி வந்தார். சண்டை வரும் என்று பயந்தேன். வரவில்லை. முறைத்தார்கள், அவ்வளவுதான். ஒரு பையன் மட்டும், "கடலு பெருசுங்கறீங்க, அங்க பொறுக்கறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லீங்களா?" என்றான்.

முதல் ஒரு மணி நேரம் வீண். ஆளாளுக்கு ஒரு பக்கம். நம் பிள்ளைகளுக்கு எது செடி எது களை என்று தெரியவில்லை. உண்ணிச்செடியைப் பிடித்துக்கொண்டு, "இதா? இதா?" மலைப் பிள்ளைகளுக்கு அவரவர் செடி தெரியும், ஆனால் பனியில் இடம் பிடிபடவில்லை. "என்னுது பாறைக்குப் பக்கத்துலதானுங்க." எந்தப் பாறை?

பிறகு நம் செல்வம் (எட்டாம் வகுப்பு, கரைவலைக்காரர் மகன்) கயிறு கேட்டான். கரைவலை இழுக்கும்போது ஆள்கள் கயிற்றைப் பிடித்து வரிசையாக நிற்பார்களே, அப்படியே மேலிருந்து கீழே இறங்கலாம், நடுவில் எதுவும் தப்பாது என்றான். எஸ்டேட்டில் கயிறு வாங்கினோம். ஒரு கடற்கரைப் பிள்ளை, ஒரு மலைப் பிள்ளை, மாறி மாறி. ஒவ்வொரு அடியாக இறங்கினார்கள். செடியைக் கண்டால் மலைப் பிள்ளை கத்தும், எல்லாரும் நிற்பார்கள், நம் பிள்ளை குச்சி ஊன்றும். குச்சியைச் சுண்ணாம்பில் முக்கிக் கொடுத்தது நான். உட்கார்ந்தபடி செய்யக்கூடிய ஒரே வேலை.

கை கால் எல்லாம் உண்ணிமுள் கீறல். மத்தியானம் நின்றபடியே தக்காளிச் சாதம். இரண்டு பள்ளியும் தட்டு மாற்றிக்கொள்ள ஆரம்பித்திருந்தன. முறைத்த பையன் செல்வத்திடம் சுறா கடிக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

வெளிச்சம் போகும்வரை ஐம்பத்தேழு. பாக்கி ஐந்து. அதில் நாலு ஏற்கனவே கருகியது என்று அந்தந்தப் பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள்.

ஒன்றுதான் உறுத்தல். சத்யா, ஆறாம் வகுப்பு, எலும்பும் தோலுமாக ஒரு பெண். செண்பகம் அவளுடையது. கோடை முழுக்கப் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றியவளாம். "போன திங்கக்கெழம பாத்தனுங்க மிஸ். புதுசா ரெண்டு எல உட்டிருந்துச்சுங்க. இங்கதானுங்க இருந்துச்சு." அழவில்லை. அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வருகிறாள்.

அபிநயா சாப்பிடவில்லை. உடம்பு சூடு இல்லை. இந்தக் குளிர் சேரவில்லைபோல.

என் முழங்கால் வீங்கி இட்லிப் பானை. ஊர் போனதும் முதல் வேலை, தலைமையாசிரியரிடம் மன்றப் பொறுப்பை ஒப்படைப்பது. வேறு யாராவது கத்தட்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வெயில்! நாலு நாளில் முதல் தடவை. கீழே சேலம் தெரிந்தது.

சொன்னபடி எட்டு மணிக்கு ஆள்கள், நாலு மெஷின். ரைட்டர் பழனிசாமி தொப்பி போட்டுக்கொண்டு கூடவே. வெள்ளைக் குச்சிகளைப் பார்த்து, "பளிச்சுனு தெரியுதுங்க, இதுவே நல்லா இருக்குது" என்று சர்டிபிகேட் கொடுத்தார்.

சத்யா மட்டும் சரிவை விட்டு ஏறி வரவில்லை. புஷ்பா கூப்பிட்டும் வரவில்லை. பழனிசாமி அவளிடம் இறங்கிப் போனார். "கண்ணு, அரை மணி நேரம் இந்தப் பக்கத்த உட்டுட்டு அந்தப் பக்கம் வெட்டச் சொல்றேன். தேடிக்க. அதுக்கு மேல என்ற கையில இல்ல சாமி." நல்ல மனுஷன். அரை மணி, முக்கால் மணி ஆயிற்று. கிடைக்கவில்லை. மெஷின் அந்தப் பக்கமும் வந்தது.

வெட்டிப் போட்டபின் குச்சியால் தழையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு பின்னாலேயே போனாள். எனக்குப் பார்க்க முடியவில்லை. உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினேன். யாரும் கழுவச் சொல்லவில்லை.

மத்தியானம் பாராட்டுக் கூட்டம். இயற்கை, எதிர்காலம், இளைய தலைமுறை. நானும் நாலு வார்த்தை பேசினேன். என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை. கைதட்டினார்கள்.

ஐம்பத்தேழு பிழைத்தது பெரிய விஷயம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இருக்கலாம்.

அபிநயா இன்றும் பாதித் தட்டு. என்னடி என்றேன். ஒண்ணுமில்ல மிஸ்.

ஆகஸ்ட் 9, சனி

ஒன்பதுக்குக் கிளம்பினோம். பனி, தூறல், பழையபடி. புஷ்பா எனக்கு ஒரு பொட்டலம் மிளகு. வாங்கிக்கொள்ளக் கூசியது, வாங்கிக்கொண்டேன்.

இறங்கும்போது வாந்தி ஆறு பேர்தான். முன்னேற்றம்.

அடிவாரத்தில் டீக்கு நிறுத்தினோம். வெயில் சுள்ளென்று அடித்தது, ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அபிநயா பக்கத்தில் வந்து நின்றாள். பஸ் சேரவில்லையாக்கும் என்று எலுமிச்சம்பழம் எடுத்தேன்.

"மிஸ், அந்த செண்பகத்த நான்தான் புடுங்குனேன்."

புதன்கிழமையே. நாடாவை இழுத்தபோது முடிச்சு அவிழவில்லை. பலமாக இழுத்தாள். குச்சியும் செடியும் வேரோடு சேர்ந்து வந்துவிட்டன. பெயரைப் படித்திருக்கிறாள், சத்யா, 6 ஆ. "அப்ப வெறும் செடின்னு நெனச்சேன் மிஸ். அப்புறம் அவ தேடித் தேடி… சொல்ல பயமா இருந்துச்சு." வியாழக்கிழமை முழுக்க அந்தப் பெண் பக்கத்தில் நின்று, அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இல்லாத செடியைத் தேடியிருக்கிறாள். சோறு இறங்காததற்குக் காரணம் குளிர் என்று எழுதி வைத்திருக்கிறேன் நான்.

உண்மையைச் சொல்கிறேன், இது யாரும் பார்க்காத நோட்டு. முதலில் தோன்றியது, விட்டுவிடலாம் என்பதுதான். ஊர் போய்ச் சேர இன்னும் ஆறு மணி நேரம். செடி போனது போனதுதான். அந்தப் பெண் நாலு நாளில் மறந்துவிடும். எனக்கு அலுப்பாக இருந்தது. 'சரி போய் உட்கார்' என்று சொல்ல வாய் திறந்தேன்.

அபிநயா போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

புஷ்பாவுக்குப் போன் போட்டேன். "பத்தரமா எறங்கிட்டீங்களா டீச்சர்? சத்யாங்களா? அத ஏன் கேக்கறீங்க, இன்னிக்கும் வந்து சரிவுலதான் நிக்குது. ஊட்டுக்குப் போ கண்ணுன்னா கேக்க மாட்டீங்குது." போனை அவளிடம் கொடுங்கள் என்றேன். இங்கே போனை அபிநயாவிடம் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சத்யா, நான் அபி. உன் செடிய நான்தான் வேரோட புடுங்கிட்டேன். புதன்கெழமயே. அங்க இல்ல. தேடாத."

சரிவில் காற்று அடிப்பது கேட்டது.

பிறகு, "வேரோடயா வந்துச்சுங்க்கா?"

"ம்."

"வேரு முழுசாவா?"

"ம். மண்ணோட."

"எங்க போட்டீங்க?"

"ஸ்கூல் கொழாயடி இருக்குல்ல… அதுக்குப் பின்னாடி. அன்னைக்கு ராத்திரி, யாரும் பாக்கக் கூடாதுன்னு."

"கொழாய்க்குப் பின்னாடிங்களா? அங்க ஈரமாத்தான் இருக்குங்க்கா, எப்பவும். மிஸ், போனப் புடிங்க."

செருப்புச் சத்தம். புஷ்பா "பாத்துப் போ சாமி, வழுக்கும்!" என்று கத்துவது கேட்டது. பிறகு லைன் போய்விட்டது. திரும்பப் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே. டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். ஏறிவிட்டோம். அபிநயா என் பக்கத்து சீட்டில், என் போனை மடியில் வைத்துக்கொண்டு, திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சேலம் தாண்டியாயிற்று, இன்னும் அடிக்கவில்லை.