வட்டாரத்துக்கு ஓர் இடம்

பெப்ரவரி 5, புதன்

வாடைக்காற்று இன்னும் விடவில்லை. முற்றமெல்லாம் மணல். கந்தோரில் அரை நாள் லீவு. மகள் நிலானியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சிறுநீரில் கிருமி, மறுபடியும்.

டொக்டர், "தண்ணி குடிக்கிறேல்லையோ பிள்ளை?" என்று கேட்க, நிலானி மின்விசிறியைப் பார்த்தாள். வெளியே வந்த பிறகுதான் சொன்னாள். பள்ளிக்கூடம் விடும்வரை ஒரு சொட்டும் குடிப்பதில்லை. வகுப்பில் எந்தப் பெண்பிள்ளையும் குடிப்பதில்லை. அவர்களுடைய மலசலகூடத்துக்குத் தண்ணீர் வருவதில்லை, ஆகையால் பூட்டு. போன தவணையிலிருந்து இப்படி.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் என்ன செய்வீங்கள்?"

நியாயமான கேள்வி. பதினைந்து வயது.

வாங்க: பார்லி, டோர்ச் பற்றரி, மண்ணெண்ணெய்.

பெப்ரவரி 6, வியாழன்

பக்கத்து வீட்டு மெற்றில்டா வேலியால் எட்டிப் பார்த்தாள். நண்டுக் கொம்பனியில் சதை எடுக்கிற வேலை. விரல் நுனியெல்லாம் வெடிப்பு. ஞாயிறு பூசை முடிய பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டமாம். வட்டாரத்துக்கு ஒரு பெற்றோர் பிரதிநிதி.

"எங்கட வட்டாரத்துக்கு நீங்கள் நில்லுங்கோ மிஸ்."

சூசையண்ணை இருக்கிறாரே என்றேன். ஐஸ் லொறிக்காரர். மகன் எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூட வாசலில் வளைவு கட்ட வேண்டும் என்று வருடா வருடம் பேசுவார்.

"பெட்டையள் வளைவுக்குக் கீழையோ குந்துறது?" என்றாள் மெற்றில்டா. அவளுக்கும் இரண்டு மகள்மார்.

சங்கங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. கந்தோரில் நான்கு குழுக்களில் இருக்கிறேன். ரோல்ஸ், தேநீர், கூட்ட அறிக்கை. ஒரு குழாய் திறந்து நான் கண்டதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை.

இரவுச் சாப்பாடு இடியப்பம். சொதி புளித்துவிட்டது.

பெப்ரவரி 7, வெள்ளி

மெற்றில்டா என்னை வீடு வீடாக இழுத்துப் போனாள். கேட்பது எனக்கு வராத காரியம். வாசலில் நின்று காலநிலையைப் பற்றிக் கதைக்கிறேன். விஷயத்தை அவளே சொல்லி முடிக்கிறாள்.

ஒரு வீட்டில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மனிதர் தலை நிமிராமலே: "மிஸ் நிண்டா இங்கிலிசிலை கதைச்சு எங்களை நித்திரையாக்கிப் போடுவா."

மனைவி உள்ளேயிருந்து: "கூட்டத்திலை நீங்கள் எண்டைக்கு முழிச்சிருந்தனீங்கள்?"

சிரித்தேன். கனகாலத்துக்குப் பிறகு. திரும்பி வர, கொடியில் காய்ந்த என் சேலைத் தலைப்பைத் தெருக் கழுதை ஒன்று மென்றுகொண்டிருந்தது. பச்சைச் சேலை. போகட்டும்.

நிலானி: "அம்மா, என்ரை கிருமி வருத்தத்தைக் கூட்டத்திலை சொல்லிப்போடாதேங்கோ." சொல்லமாட்டேன் என்றேன். அப்படியானால் என்ன சொல்லிப் பேசுவது?

பெப்ரவரி 8, சனி

அலுமாரி ஒதுக்கினேன். பாதியில் விட்டேன். பல்கலைக்கழகக் காலத்துப் பாடக் குறிப்புகள், கறையான். கிணற்றடிக்கும் அடுப்படிக்குமாக நடை. இவர், நிலானியின் அப்பா, டோகாவிலிருந்து ஃபோன் எடுத்தார். கூட்டம் பற்றிச் சொல்லவில்லை. ஏன்?

எனக்கு அந்த இடம் வேண்டும் போலிருக்கிறது. எழுதிப் பார்க்கவே வெட்கம்.

பெப்ரவரி 9, ஞாயிறு

பிரதான மண்டபம். வெக்கை. கதிரை போதாமல் ஆண்கள் சுவரோரம். நண்டுக் கொம்பனிப் பெண்கள் இரண்டு வரிசை நிறைய, பூசைச் சேலையோடு. எனக்காக வந்தவர்கள்.

எங்கள் வட்டாரம் வந்தது. மெற்றில்டா முன்மொழிந்தாள். பின்னால் ஒருத்தி வழிமொழிந்தாள். பள்ளிக்கூட அதிபர் என்னைப் பார்த்தார். எழுந்தேன்.

"எனக்கு வேண்டாம். வேறை ஆரையும் போடுங்கோ" என்றேன்.

இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வது. கோயில் சபையென்ன, மரணச் சங்கமென்ன, பெயர் வந்தவர் முதலில் வேண்டாம் என்பார். சபை "இல்லை, நீங்கள்தான்" என்று வற்புறுத்தும். மறுபடியும் வேண்டாம் என்பார். மறுபடியும் வற்புறுத்தும். பிறகு பேசாமல் இருப்பார், அதுதான் சம்மதம். உடனே ஓம் என்றால் பதவிக்கு அலைகிறவர் என்று பெயர். என் அப்பா அப்படிச் செய்தவர். நானும் யோசிக்காமலே செய்தேன்.

அதிபர் மட்டக்களப்பார். வந்து ஒரு மாதம்.

"சரி, மிஸ் விரும்பல்ல. வேற ஆரு?"

நண்டுக் கொம்பனிப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதற்குள் சுவரோரத்திலிருந்து யாரோ சூசையண்ணையின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். அவர் கூட்டத்துக்கு வரவேயில்லை, லொறி தலைமன்னாரில். வராதவர் எப்படி வேண்டாம் என்பது? தெரிவாகிவிட்டார்.

நின்றபடியே "இல்லை, எனக்கு விருப்பம்தான்" என்று சொல்லியிருக்கலாம். திரும்பக் கதிரையில் இருந்தேன்.

வெளியே மெற்றில்டா: "ஒரு நாள் சம்பளத்தை விட்டிட்டு வந்ததுகள் மிஸ்." முன்னால் போய்விட்டாள்.

பெப்ரவரி 10, திங்கள்

காலையில் தண்ணீர்ப் போத்தலை நிரப்பி நிலானியின் பையில் வைத்தேன். அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கோபமாகக்கூட அல்ல. தேவையில்லாத சாமானை வைப்பதைப்போல.

பத்து மணிக்கு அதிபரிடம் போனேன்.

"நீங்கதானே மிஸ் வேணாம் எண்டீங்க?"

வழக்கத்தை விளங்கப்படுத்தினேன். மனிதர் உண்மையாகவே திகைத்துப்போனார். "அப்ப ஆரு வேணாம் எண்டா வேணாம் எண்டு அர்த்தம்?"

இனி என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

பிரதிநிதிகளின் செயற்குழு முதல் தடவை வெள்ளிக்கிழமை கூடுகிறதாம். அதற்கு முன் சூசையண்ணை தன் வாயால் விலகினால் அடுத்ததாக என் பெயரைப் போடலாம். "ஃபோன்ல சொன்னாலும் போதும். நீங்களே கேட்டுப் பாருங்க." மலசலகூடம் பற்றியும் கேட்டேன். பம்ப் பழுதாம். குழு தீர்மானித்தால்தான் திருத்தலாமாம்.

நானே கேட்பது.

பின்னேரம் முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. கோப்பொன்றை மூன்று தரம் திறந்து மூடினேன்.

பெப்ரவரி 11, செவ்வாய்

காற்றுக் குறைவு. ஐந்தரைக்கு சூசையண்ணை வீடு. லொறி கழுவிக்கொண்டிருந்தார். "வாங்கோ பிள்ளை, வாங்கோ" என்று கதிரை இழுத்துப் போட்டார். மனைவி தேத்தண்ணி வைக்கப் போனா.

வந்த காரியத்தைச் சொன்னேன். மலசலகூடம், பம்ப், பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் இருப்பது. நிலானியின் பெயர் சொல்லவில்லை. குழுவில் நான் இருந்தால் அதை விடாமல் கேட்பேன் என்று சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

அவர் ஈரக்கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். "நான் என்ன கேட்டே வந்தனான்? நான் இல்லாத இடத்திலை போட்டுவிட்டிட்டாங்கள். படிச்ச ஆக்கள் நீங்கள் இருக்க எனக்கென்னத்துக்குப் பிள்ளை இந்தப் பதவி? நீங்களே எடுங்கோ."

இப்போது நான் சொல்லவேண்டியது எனக்குத் தெரியும். ஐயோ அண்ணை, நீங்கள்தான் அதுக்குப் பொருத்தம். அவரும் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார். முகத்தில் சின்னச் சிரிப்பு.

"சரி அண்ணை," என்றேன். "எடுக்கிறன்."

சிரிப்பு அப்படியே நின்றது.

"இப்பவேயோ?"

"ஓம். அதிபருக்கு ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ." நம்பரை அழுத்தி ஃபோனை நீட்டினேன். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவர் லொறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாங்கினார்.

சொன்னார். இரண்டு தரம் சொல்லவேண்டி வந்தது. அதிபர், உண்மையாகவே வேணாமா என்று கேட்டிருக்க வேண்டும். "ஓம் ஓம், உண்மையாத்தான்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஃபோனைத் திருப்பித் தந்துவிட்டு லொறிக்குப் பின்னால் போய்விட்டார். வாளி உதைபடும் சத்தம்.

நான் எழும்ப, மனைவி தேத்தண்ணியோடு வாசலை மறித்துக்கொண்டு நின்றா. எல்லாம் கேட்டிருக்கிறா.

"இருந்து குடிச்சிட்டுப் போங்கோ மிஸ். அந்தாள் நாளைக்குக் கதைக்கும்."

இருந்தேன். குடித்தேன். சீனி கொஞ்சம் கூடுதல்.